மாப்பிள்ளைக்கு எடுத்த டைவ் வாட்ச்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். வாட்சை எப்படித் துடைப்பது, பெட்டியை எந்தக் கையால் நீட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதை எழுதி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன். நான் எழுதப் போவது ஒரு கேள்வியைப் பற்றி. திருப்பூரில் வாட்ச் விற்கிறவர்களிடம் யாராவது வந்து தவறாமல் கேட்கும் கேள்வி அது: "டைவ் வாட்ச் எடுக்கறதுங்களா, டிரஸ் வாட்ச் எடுக்கறதுங்களா?"

நீங்கள் போனில் பார்த்த வீடியோவை அப்படியே ஒப்பிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒப்பித்தவள்தான். டைவ் வாட்ச் கடலுக்குள் முங்குகிறவனுக்காகச் செய்தது. கனத்த உடம்பு, திருகி மூடுகிற சாவிக் குமிழ், முகத்தைச் சுற்றிப் பல் வைத்த வளையம், எஃகுச் செயின். டிரஸ் வாட்ச் சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும். மெல்லிசான உடம்பு, தோல் ஸ்ட்ராப், தண்ணீர் பட்டால் ஆகாது. அது முரடு, இது நாசூக்கு. எல்லாம் சரிதான். ஆனால் திருப்பூரில் கடல் எங்கே இருக்கிறது? நொய்யலில் முங்கி எழுந்த ஆள் ஒருவரையும் நம் கடையில் நான் பார்த்ததில்லை. இங்கே வாட்ச் கட்டுகிற கை எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயந்து பயந்து கற்றுக்கொண்டேன். அந்தப் பயத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர், தன் ஒரே மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கடை முழுக்கக் கேட்கிற குரல். மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பழக்கம் இருந்தது. அன்றைக்குக் கையில் கட்டிய வாட்சைத் தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளை கழற்றவே கூடாது. தூங்கும்போதும், குளிக்கும்போதும்கூட.

"அம்மிணி, நல்லா மெல்லிசா, தங்கக் கலர்ல, தோலு வெச்சதா எடுங்க. வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் எங்க எடுத்தீங்கன்னு கேக்கோணும்" என்றார் அப்பா.

நான் எடுத்து வைத்த டிரஸ் வாட்சைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. மகள் முகம் மலரவில்லை.

"அப்பா, அவரு நல்லூர்ல காம்பாக்டிங் யூனிட் வெச்சிருக்கறாருங்க. ஆளு வெச்சாலும் மெசின்ல அவருதான் நிப்பாரு. நாள் பூரா ஆவியும் ஈரத்துணியும். குளிக்கறப்பவும் கழட்டக் கூடாதுங்கறீங்க. இது நாலு நாள் தாங்குங்களா?"

காம்பாக்டிங் என்றால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பனியன் துணி துவைத்தால் சுருங்காமல் இருக்க, அதற்கு நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு எடுப்பார்கள். துணி ஓடிக்கொண்டே இருக்கும். மடிப்பு விழாமல் ஒருவர் அதைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்ப ரெண்டு நாளைக்குக் கழட்டி வெச்சுக்கட்டும்னு சொல்லுவியா சாமி? உங்க மாமன் அப்படித்தான் கழட்டி வெச்சாரு. கடைசில கல்யாணமே நின்னு போச்சு" என்றார் அப்பா. அந்த மாமன் கல்யாணம் நின்றதற்கு வாட்சா காரணம் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வியாபாரம் செய்கிற இடத்தில் அதெல்லாம் கேட்கக் கூடாது.

நான் டைவ் வாட்சை எடுத்தேன். எங்கள் மேசையில் கிடந்த பனியன் துணியால் ஒரு துடை துடைத்தேன். துணியின் பின்னல் கண்ணி ஒன்று வளையத்தின் பல்லில் மாட்டி நூலாக இழுபட்டது. மெதுவாக விடுவித்துவிட்டு வாட்சை நீட்டினேன். அதை நாங்கள் மூன்று பேரும்தான் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பெண்ணுக்கு அந்த வாட்ச் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு அதன் கனம் பிடித்துவிட்டது. "கையில இருக்கறது தெரியோணும்ல" என்று உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், தண்ணீருக்கு ஏற்றதைச் சொன்னேன். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

நிச்சயம் முடிந்ததும் அந்தப் பெண் போட்டோ அனுப்பினாள். மாப்பிள்ளை நல்ல உயரம், கூச்சத்தில் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் நம் வாட்ச் பளபளத்தது. பிறகொரு நாள் மாப்பிள்ளையே கடைக்கு வந்து நன்றி சொல்லி, தன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. ஒரு காலை, கடை திறந்து விளக்கு ஏற்றிய கையோடு ஒருவர் வந்தார். இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. பேச்சு தெக்கத்திப் பக்கம். பையிலிருந்து ஒரு செயின் வாட்சை எடுத்து வைத்தார். ஏறக்குறைய நான் மாப்பிள்ளைக்கு விற்ற மாதிரியே இருந்தது.

"கண்ணாடி மட்டும் மாத்தித் தாங்கக்கா. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமான். காம்பாக்டிங் உருளையில கைய இழுத்துட்டுப் போயிட்டு. மெசினை நிறுத்துற வரைக்கும் செயின் ஒரு கண்ணி விடல பாத்துக்கோங்க!"

"கைக்கு என்னாச்சுங்க?"

"ரெண்டு விரலு போயிட்டுக்கா. மத்தத டாக்டர் காப்பாத்திட்டாரு."

அவர் அந்தச் செயினை மெச்சிக்கொண்டே இருந்தார். செயின் அறுந்திருந்தால் அவருக்கு வாட்ச் போயிருக்கும், விரல் இருந்திருக்கும். அது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மனதைத் தேற்றிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரசீது எழுதும்போது என் கண்ணுக்கு முன்னால் பனியன் துணியின் கண்ணி பல்லில் மாட்டி இழுபட்டது. நல்லூர் மாப்பிள்ளை நாளெல்லாம் அந்தத் துணியைத்தான் நீவுகிறார். கழற்றக் கூடாத வாட்ச், பிய்யாத செயின், நிற்காத உருளை. ரசீதில் வந்தவர் பெயரைத் தப்பாக எழுதினேன்.

முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"ஏனுங்க, கல்யாண ஊட்டுக்குப் போன் பண்ணி மாப்ள கை போயிரும்னு சொல்லுவீங்களா? நாளைக்கு அந்தப் பையனுக்குச் சளி புடிச்சாக் கூட நம்ம கடைக்காரங்க வாய் பலிச்சுதும்பாங்க. பேசாம இருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்யாண வீட்டில் போய் அமங்கலமாக ஒரு வார்த்தை சொன்னால் அது நடந்தாலும் குற்றம், நடக்காவிட்டாலும் குற்றம். கருநாக்குக்காரி என்ற பெயர் ஒட்டினால் பிறகு எந்தக் கல்யாணக்காரர் நம்மிடம் வாட்ச் எடுப்பார்? அப்பாவுக்குச் சொன்னால் சண்டைக்கு வருவார். பெண்ணுக்குச் சொன்னால் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள். மாப்பிள்ளைக்குத்தான் நேராகச் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணைத் தேடிப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மெசின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. போன் எடுக்காத ஆளைப் பற்றி மனது என்னவெல்லாம் நினைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கிளம்பினேன். ஸ்ட்ராப் மாற்றுகிற சின்னக் கருவியையும், ஒரு தோல் ஸ்ட்ராப்பையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பழைய டிரஸ் வாட்ச் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டது அது. மெல்லிசு, தையல்கூடக் கிடையாது, ஒட்டியதுதான். இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பார்த்தேன். இன்னொரு சுண்டு சுண்டினால் பிய்ந்துவிடும் போல இருந்தது. இத்தனை வருடம் வாடிக்கையாளருக்கு உறுதியானதைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவள், அன்றைக்கு இருப்பதிலேயே நோஞ்சானைத் தேடி எடுத்தேன்.

நல்லூரில் அந்த யூனிட்டைக் கண்டுபிடிக்க இரண்டு சந்து சுற்ற வேண்டியிருந்தது. உள்ளே ஆவியும் இரைச்சலும். மாப்பிள்ளை எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். துணி சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இடது கை அதன் மேல் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் விரல் நுனி உருளைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது. வாட்ச் மின்னியது.

பிள்ளைகளே, கத்திக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். நான் கத்தினால் அவர் திரும்புவார். கண் என் பக்கம் வரும், கை துணியோடு போகும். எது நடக்கக் கூடாது என்று ஓடி வந்தேனோ அதை நானே நடத்தி வைத்தவளாவேன். சுற்றிப் போய் அவர் கண்ணில் படலாம் என்றால், திடீரென்று ஒரு பெண்பிள்ளை எதிரில் நின்றாலும் திடுக்கிடுவார். அதனால் நின்றேன். ஆபத்து கண்ணெதிரில் இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் நிற்பது போல ஒரு கொடுமை கிடையாது. முந்தானையை முறுக்கி முறுக்கிக் கசக்கிவிட்டேன். கடைசியில் துணி தீர்ந்தது. அவர் கை ஸ்விட்சுக்குப் போனது. உருளை நின்ற பிறகுதான் "தம்பி" என்றேன்.

"ஏனுங்க்கா, என்னுங்க இந்த வெயில்ல?" என்று அவர் ஓடி வந்து ஸ்டூல் போட்டார்.

விரல் போன ஆளின் கதையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன், ஆனால் அந்தக் கூச்சச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் வரவில்லை. துணியின் ஓரத்தை எடுத்து அவர் வாட்சின் வளையத்தில் லேசாக உரசினேன். கண்ணி மாட்டியது. இழுத்தேன். அவர் கை கூடவே வந்தது. அவர் அந்தத் துணியையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியுதுங்க்கா. ஆனா கழட்டறதுக்கு மட்டும் சொல்லாதீங்க. மாமா ஊட்டுப் பழக்கம். அவங்க மனசு வெசனப்படற மாதிரி நான் நடந்துக்க மாட்டனுங்க."

"கழட்டச் சொல்லலை தம்பி. செயினை மட்டும் மாத்தறேன். வாட்ச் உங்க கையை விட்டு வராது."

வலது கைப் பெருவிரலால் வாட்சின் தலையை மணிக்கட்டோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். செயினின் பூட்டைத் திறந்து ஒரு பக்கத்தைத் தூக்கி, ஊசியை அமுக்கிக் கழற்றினேன். பிறகு இன்னொரு பக்கம். கருவி வழுக்கி அவர் தோலில் கீறியது. அவர் அசையவில்லை. ஸ்ட்ராப் அகலம் பற்றாமல் இரண்டு ஓரத்திலும் இடைவெளி தெரிந்தது. கனத்த டைவ் வாட்சுக்கு நூல் மாதிரி ஒரு தோல். காங்கேயம் காளையைத் தாம்புக்கயிற்றில் கட்டாமல் பூ நாரில் கட்டியது போல இருந்தது. அவர் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஈரத்துல இது நாறிப் போயிருமேங்க்கா?"

"நாறட்டும். நாறினா வாங்க, வேற போடறேன். பிய்ஞ்சா சந்தோசப்படுங்க."

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் செயினைக் கொடுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் நிம்மதி வரவில்லை. முன்பு கைக்குப் பயந்தேன். இப்போது வாட்சுக்கும் பயந்தேன். அந்த நோஞ்சான் ஸ்ட்ராப் ரோட்டில் எங்காவது அறுந்து விழுந்து வாட்ச் தொலைந்தால், அந்த வீட்டார் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கழற்றினாலே ஆகாது என்கிறவர்கள். போன் அடிக்கும்போதெல்லாம் அவர்களோ என்று பதறினேன்.

ஒருநாள் மத்தியானம் போன் வரவில்லை, ஆட்களே வந்தார்கள். அப்பா முன்னால், பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, முழுக்கைச் சட்டை போட்டு. மேசை மேல் ஒரு கைக்குட்டையை அவிழ்த்தார் அப்பா. நான் விற்ற வாட்ச்தான். கண்ணாடி நொறுங்கி, முள் உதிர்ந்து, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அந்தத் தோல் பாதியில் பிய்ந்திருந்தது.

"ஏனுங்க அம்மிணி, உங்களை ஆரு போகச் சொன்னாங்க? நல்ல செயினைக் கழட்டிப்போட்டு இந்தப் பீத்தத் தோலை மாட்டி விட்டிருக்கறீங்க. மெசின்ல உழுந்து வாட்ச் செத்துப் போச்சு. மாப்ள ஊட்டுப் பெரியவங்க சகுனம் சரியில்லைன்னு கல்யாணத்தைத் தள்ளி வெக்கலாம்ங்கறாங்க. என்ற புள்ள நேத்துல இருந்து சாப்புடல. உங்க ஊட்டுப் புள்ளைன்னா இப்படிச் செய்வீங்களா?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் செய்தது சரி என்று சொல்ல நாக்கு புரளவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் கையால் நின்றுவிடும் என்ற நினைப்பு அதற்கு மேல் என்னை யோசிக்க விடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"தம்பி, எப்படி உழுந்துதுங்க?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "மாட்டி அறுந்துருச்சுன்னு மட்டும் ஊட்டுல சொன்னனுங்க்கா" என்றார்.

"கையைக் காட்டுங்க."

அவர் தயங்கினார். அந்தப் பெண்தான் முன்னால் வந்து அவர் சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி மேலே தள்ளிவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி ஸ்ட்ராப் இறுக்கிய தடம் கன்றிச் சிவந்திருந்தது. நடு விரல் நகம் கறுத்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துணில ஒரு கண்ணி மாட்டிக்கிச்சுங்க. ஸ்விட்சு எட்டலைங்க. கை போயிட்டே இருந்துது. விரல் நுனி உருளையில தொட்டுருச்சு. அப்பத்தான் இது பிய்ஞ்சுதுங்க. வாட்ச் உள்ள போச்சு, நான் பின்னால உழுந்தேன்." அவர் நிறுத்தினார். "சொன்னா எல்லாரும் பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லலைங்க மாமா."

அப்பா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். கறுத்த நகத்தின் மேல் கொஞ்ச நேரம் அவர் கட்டைவிரல் நின்றது. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"அந்தச் செயினே இருந்திருந்தா?" என்று பெண் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அப்பா போனை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குத்தான். "மாமா, நாந்தானுங்க. முகூர்த்தம் அந்த நாள்லயே இருக்கட்டுமுங்க. வாட்ச் போனா போகட்டும். மாப்ள கை இருக்குதுங்க, அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்காமலே வைத்துவிட்டார்.

நான் நசுங்கிய வாட்சைக் கைக்குட்டையோடு மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். வேறு வாட்ச் எடுத்துக் காட்டட்டுமா என்று முதலாளி மெல்ல இழுத்தார். "வேண்டாங்க. மெசின்ல நிக்கற வரைக்கும் வெறுங்கையாவே இருக்கறனுங்க" என்றார் மாப்பிள்ளை. மாமனார் சரி என்று தலையாட்டினார். மூவரும் வாசல் வரைக்கும் போனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

வந்து, தன் வெள்ளைச் சட்டைக் கையை மேலே தள்ளினார். எஃகுச் செயின் போட்ட பழைய வாட்ச் ஒன்று அவர் மணிக்கட்டில் இருந்தது. அதைக் கழற்றி என் முன்னால் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"இந்தச் செயினைக் கழட்டிப்போட்டு அதே மாதிரி ஒரு தோலு போட்டுக் குடுங்க அம்மிணி. நம்முளுதும் மில்லுதானுங்க."